ஊசி இல்லாமல் கையாலேயே தடிமனான மப்ளர்: எனக்கு வலை மாதிரி வருகிறதே, ஏன்?

மந்தைவெளி_கோலம்
நவம்பர் 9, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி முதல் வாரம் என் மகள் மேல்படிப்புக்கு டொரொன்டோ போகிறாள். கோட்டு, பூட்ஸ் எல்லாம் அவள் அங்கே போய் வாங்கிக்கொள்வாள். கழுத்துக்கு ஒரு மப்ளராவது என் கையால் செய்து கொடுத்தனுப்ப வேண்டும் என்று ஆசை. ஆனால் எனக்கு வலது கட்டைவிரல் மூட்டில் தேய்மானம். மெல்லிய நிட்டிங் ஊசியை ஐந்து நிமிடம் பிடித்தால் போதும், வலி எடுத்துவிடும்.

ஊசியே இல்லாமல், முழங்கை வரை கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை ஏற்றி, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றிப் பின்னும் முறை ஒன்று இருக்கிறதே, அதை வீடியோவில் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். வீட்டில் 25 கிராம் உல்லன் நூல் கண்டு எட்டு இருந்தது, அரக்கு நிறம், லேபிளில் அக்ரிலிக் (செயற்கை இழை) என்று போட்டிருக்கிறது. வலது கையில் பத்துக் கண்ணி ஏற்றி ஆரம்பித்தேன். பதினைந்து வரிசை வந்ததும் கழற்றிப் பார்த்தால் மீன் வலை. இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்கலாம். இழுத்தால் நீளமாகிறது, விட்டால் சுருங்கி கயிறு மாதிரி ஆகிறது.

என்ன தப்பு செய்கிறேன்? நூலா, கையா?

குரோம்பேட்டை_குரோஷா
நவம்பர் 9, இரவு 9.25

அக்கா, உங்கள் கையில் தப்பில்லை. நூலுக்கும் கண்ணிக்கும் பொருத்தம் இல்லை, அவ்வளவுதான். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

பின்னலில் ஒரு கண்ணி எவ்வளவு பெரிதாக விழும் என்பதை முடிவு செய்வது, அது எதன் மேல் சுற்றியிருக்கிறதோ அந்தப் பொருள். நீங்கள் வைத்திருக்கும் மாதிரி நூலுக்குச் சாதாரணமாக 4 மில்லிமீட்டர் ஊசி போடுவோம். அந்த ஊசியைச் சுற்றி வர ஒன்றேகால் சென்டிமீட்டர் நூல் போதும். உங்கள் மணிக்கட்டைச் சுற்றி வர எவ்வளவு வேண்டும்? ஒரு நூலை எடுத்து அளந்து பாருங்கள், 15 சென்டிமீட்டருக்குக் குறையாது. பன்னிரண்டு மடங்கு! நூல் அதே மெல்லிய நூல், கண்ணி மட்டும் பன்னிரண்டு மடங்கு. நடுவில் இருப்பது முழுக்க ஓட்டைதான்.

வீடியோவில் அவர்கள் எடுப்பது வேறு நூல். அமெரிக்காவில் நூல் கம்பெனிகளின் சங்கம் ஒன்று நூலின் தடிமனை 0 முதல் 7 வரை எண் போட்டு வகை பிரித்திருக்கிறது. எண் ஏற ஏற நூல் தடிமன். 6 என்றால் சூப்பர் பல்க்கி, 7 என்றால் ஜம்போ. ஜம்போ நூலுக்கு 12.75 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள ஊசி, கிட்டத்தட்ட ஒரு விரல் தடிமன். அந்த நூல்தான் கையில் ஏற்றினால் நிறைவாக நிற்கும். லேபிளில் சின்ன நூல் கண்டு படத்துக்குள் அந்த எண் இருந்தால் அதைப் பாருங்கள்.

இருக்கும் நூலை வீணாக்க வேண்டாம். எட்டுக் கண்டையும் சேர்த்து, எட்டு இழையை ஒரே நூலாகப் பிடியுங்கள். தடிமன் வந்துவிடும். ஆனால் நீளம் போதாது. அதே நிறத்தில் இன்னும் எட்டுக் கண்டு வாங்கி வையுங்கள். லேபிளில் லாட் நம்பர் என்று ஒன்று இருக்கும், அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே நிற எண் இருந்தாலும் லாட் மாறினால் சாயம் ஒரு சாயல் மாறும். கடையின் டியூப்லைட்டில் தெரியாது, வெயிலில் வந்தால் கோடு போட்ட மாதிரி தெரியும்.

வேளச்சேரி_நூல்கண்டு
நவம்பர் 9, இரவு 10.05

குரோம்பேட்டை அக்கா சொல்வது சரி. ஆனாலும் கையில் பின்னுவதை அப்படியே ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. நான் மூன்று செய்திருக்கிறேன். சூப்பர் பல்க்கி நூல் இரண்டு இழை சேர்த்துப் பிடித்து எட்டுக் கண்ணி, முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. கண்ணியை முழங்கை வரை ஏறவிடக் கூடாது. எப்போதும் மணிக்கட்டுக்குப் பக்கத்திலேயே வைத்து, ஒவ்வொன்றையும் போட்டதும் நூலை ஒரு முறை இழுத்து ஒட்ட வைக்க வேண்டும். வீடியோவில் அழகுக்காகக் கை முழுக்கப் பரப்பிக் காட்டுகிறார்கள், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

கண்ணியை மாற்றும்போது நூல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் விழ வேண்டும். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் என்று மாறினால் கண்ணி முறுக்கிக்கொண்டு நிற்கும்.

மந்தைவெளி_கோலம்
நவம்பர் 10, காலை 6.50

நன்றி குரோம்பேட்டை, நன்றி வேளச்சேரி. நேற்று ராத்திரியே எட்டு இழை சேர்த்துக் கையில் ஏற்றினேன். முன்பைவிட நன்றாக வந்தது, ஆனால் பத்தாவது வரிசையில் காஸ் சிலிண்டர்காரர் பெல் அடித்துவிட்டார். இரண்டு கையும் நூலில் மாட்டிக்கொண்டு கதவைத் திறக்க முடியவில்லை. அதற்குள் உள்ளங்கையெல்லாம் வியர்வை வேறு. இந்த ஊர்ப் புழுக்கத்தில் கை முழுக்க உல்லன் சுற்றிக்கொண்டு உட்காருவது சுலபமில்லை.

பேசின்பிரிட்ஜ்_நர்ஸ்
நவம்பர் 10, காலை 7.30

அம்மா, ஒரே ஒரு விஷயம். வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். விரல் நுனி மரத்தாலோ, நிறம் மாறினாலோ, ஊசி குத்துவது போல இருந்தாலோ உடனே கண்ணிகளை உருவிவிடுங்கள், பின்னலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் செய்யாமல் கையை விரித்து மடக்கி இடைவேளை விட்டுச் செய்வது நல்லது.

ஒயர்_கூடை
நவம்பர் 10, மதியம் 2.15

மந்தைவெளி மேடம், உங்கள் தேவைக்குக் கைமேல் பின்னல் வேண்டாம். மேஜைமேல் பின்னுங்கள். நான் இப்படித்தான் இரண்டு வருடமாகச் செய்கிறேன், எனக்கும் அறுபது தாண்டிவிட்டது.

குரோம்பேட்டை சொன்ன கணக்கையே இன்னும் ஒரு படி மேலே கொண்டு போகலாம். கையில் பின்னும்போது கண்ணியின் சின்ன அளவு உங்கள் மணிக்கட்டு, அதற்குக் கீழே இறங்க முடியாது. மேஜையில் பின்னும்போது அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டு விரல் நுழையும் கண்ணி வேண்டுமா, மூன்று விரலா, நீங்களே முடிவு செய்யலாம். மகள் போவது பனி கொட்டும் ஊருக்கு. துணிக்குள் அடைபட்ட காற்றுதான் சூடு தருகிறது. பெரிய ஓட்டை இருந்தால் அந்தக் காற்று தங்காது, வெளிக்காற்று நேராகக் கழுத்துக்கு வரும். அவளுக்கு அடர்த்தியான பின்னல்தான் வேண்டும், அதற்கு மேஜைதான் சரி. எழுந்து போக வேண்டுமென்றால் அப்படியே விட்டுவிட்டுப் போகலாம், சிலிண்டர்காரர் எத்தனை பேர் வந்தாலும் கவலையில்லை.

செய்முறை சொல்கிறேன். பூ கட்டத் தெரியுமா? ஒயர் கூடை பின்னியிருக்கிறீர்களா? இரண்டில் ஒன்று தெரிந்தால் விரலுக்கு இது புதிதாக இருக்காது.

சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, எட்டு நூலையும் சேர்த்து நுனியில் ஒரு சுருக்கு முடிச்சுப் போடுங்கள். அந்தச் சுருக்குக்குள் விரலை விட்டு நூலை இழுத்தால் அடுத்த கண்ணி. அதற்குள் விட்டு இழுத்தால் அதற்கடுத்தது. இப்படி ஒரு சங்கிலி. உங்கள் அகலத்துக்கு ஒன்பது போதும். சங்கிலியைப் புரட்டிப் பார்த்தால் முதுகில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சின்ன மேடு இருக்கும். கடைசிக் கண்ணியை அப்படியே விட்டுவிட்டு, மற்ற ஒவ்வொரு மேட்டுக்குள்ளும் விரலை விட்டு நூலை ஒரு வளையமாக மேலே இழுத்து நிற்க வையுங்கள். ஒன்பது வளையம் வரிசையாக மேஜையில் நிற்கும். அதுதான் முதல் வரிசை.

இனி திருப்பவே வேண்டாம். நூல் இப்போது ஒரு ஓரத்தில் இருக்கும், அங்கிருந்து திரும்பி வாருங்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விரலை விட்டு, பின்னாலிருந்து நூலைப் பிடித்து, அதே உயரத்துக்கு முன்னால் இழுத்து விடுங்கள். அந்த ஓரம் போனதும் மறுபடி இந்த ஓரம். வலமிருந்து இடம், இடமிருந்து வலம், எப்போதும் நல்ல பக்கம் உங்களைப் பார்த்தே இருக்கும். பின்னி முடித்ததைப் பார்த்தால் முன்பக்கம் சடை மாதிரி வரிவரியாக இருக்கும்.

முடிக்கும்போது கடைசி வரிசையில் இரண்டாவது வளையத்தை முதல் வளையத்துக்குள் விட்டு இழுங்கள், மூன்றாவதை இரண்டாவதுக்குள், இப்படியே ஓரம் வரை. கடைசி வளையத்துக்குள் நூல் நுனியை விட்டு இழுத்தால் பூட்டு. மீதி நுனியைப் பின்பக்கக் கண்ணிகளில் ஒரு சாண் தூரம் ஏற்றி இறக்கிச் செருகுங்கள். முடிச்சுப் போட்டு வெட்டினால் கழுத்தில் உறுத்தும்.

எட்டுக் கண்டும் சிக்கிக்கொள்ளும், அதற்கும் வழி சொல்லிவிடுகிறேன். எட்டு எவர்சில்வர் டம்ளரில் ஒவ்வொன்றாகப் போட்டு வரிசையாகத் தரையில் வையுங்கள். நூல் மேலே வரும்போது கண்டு உள்ளேயே உருளும்.

பனியன்_ஊர்
நவம்பர் 10, மாலை 5.40

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன், சென்னையில் எட்டு வருடம் இருந்தவன். எங்கள் ஊரில் பனியன் கட்டிங் வேஸ்டை நீளமாக வெட்டி உருட்டி டி-ஷர்ட் நூல் என்று கிலோ கணக்கில் விற்கிறார்கள். பருத்தி, தடிமனும் உண்டு, ஒரே இழை போதும், சிக்காது. இதில் ஏன் யாரும் மப்ளர் செய்யச் சொல்லவில்லை? விலையும் உல்லனைவிடக் குறைவு.

குரோம்பேட்டை_குரோஷா
நவம்பர் 10, மாலை 6.30

தம்பி, சென்னைக்கு என்றால் கண்டிப்பாகச் சொல்லுவேன். மார்கழியில் விடியற்காலை நடைக்குப் போகும் பெரியவர்கள், நாள் முழுக்க ஏசிக்குக் கீழே உட்காருகிறவர்கள் இவர்களுக்கெல்லாம் அந்தப் பருத்தி நூல் அருமை. உறுத்தாது, துவைக்கலாம். ஆனால் டொரொன்டோவுக்கு வேண்டாம். பருத்தி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. மூச்சுக்காற்று பட்டு, பனி பட்டு நனைந்தால் ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிய மாதிரி ஆகிவிடும். ஆட்டுக் கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கியும் தொட்டால் நனைந்த உணர்வு தராது. அக்ரிலிக் அந்த அளவு இல்லை, ஆனால் ஈரம் குடிக்காது, சீக்கிரம் காய்ந்துவிடும். இன்னொன்று, டி-ஷர்ட் நூல் நல்ல கனம். ஐந்தடி மப்ளர் செய்தால் கழுத்து இறங்கிவிடும்.

பனியன்_ஊர்
நவம்பர் 10, மாலை 6.45

கனம் என்பதை ஒத்துக்கொள்கிறேன் அக்கா. என் அம்மாவுக்குச் செய்ததை அவர் இப்போது கால் மிதியாகப் போட்டிருக்கிறார். அதற்கு அது நன்றாகவே உழைக்கிறது.

அடையாறு_அலை
நவம்பர் 11, இரவு 11.10

புதிதாக நூல் வாங்குகிறவர்களுக்கு என் அனுபவம். முறுக்காத மெரினோ கம்பளி, கை தடிமனுக்குத் திரி மாதிரி வருமே, அதை இணையத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். பார்க்க மேகம் மாதிரி இருக்கும். பின்னுவதும் சுகம். ஆனால் முறுக்கு இல்லாத நூலில் இழைகளைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. இரண்டே வாரத்தில் உருண்டை உருண்டையாக எழும்பி, கறுப்புச் சட்டை முழுக்க வெள்ளைப் பஞ்சு. அதைவிட வருத்தம், ஊட்டியிலிருந்து திரும்பியதும் அந்த மப்ளரைத் துவைத்து மொட்டை மாடிக் கொடியில் போட்டேன். தண்ணீர்க் கனத்தில் இழுபட்டு, இடுப்பு வரை இருந்தது முழங்காலுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு எது செய்தாலும் சுருங்கவே இல்லை. மிகவும் ஆசைப்பட்டுச் செய்தது, மனசு ஆறவில்லை.

துவைத்தால் முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுத்து, பாயில் பரப்பி நிழலில் காயப்போடுங்கள். கொடியும் வேண்டாம், கிளிப்பும் வேண்டாம். கம்பளியை எடுத்து வைக்கும்போது நாப்தலீன் உருண்டையோ வசம்போ போடுங்கள், நம் ஊர்ப் பூச்சிக்குக் கம்பளி என்றால் விருந்து. அக்ரிலிக்குக்கு அந்தப் பயம் இல்லை.

மந்தைவெளி_கோலம்
நவம்பர் 13, மாலை 4.20

ஒயர்_கூடை மேடம், நீங்கள் எழுதியதை மகள் உரக்கப் படிக்க, நான் மேஜையில் செய்து பார்த்தேன். கட்டைவிரலுக்கு வேலையே இல்லை, சுட்டுவிரலும் நடுவிரலும்தான் இழுக்கின்றன. மூன்று நாளாக வலி இல்லை. பூ கட்டுகிற கைதான் எனக்கு, சங்கிலி முதல் முறையே வந்துவிட்டது.

ஆனால் இருபது வரிசை போனதும் பார்த்தால் அகலம் குறைந்துகொண்டே வருகிறது. ஒன்பதில் ஆரம்பித்தது ஆறாகிவிட்டது. அப்புறம் ஒரு இடத்தில் இறுக்கம், ஒரு இடத்தில் தளர்ச்சி. இரவு பின்னியது ஒரு அளவு, காலையில் பின்னியது ஒரு அளவு.

ஒயர்_கூடை
நவம்பர் 13, மாலை 5.00

ஓரத்துக் கண்ணியை விட்டுவிட்டீர்கள். திரும்பும்போது கடைசி வளையம் நூலின் இழுப்பில் படுத்துக்கொள்ளும், கண்ணில் படாது. முதல் வளையத்துக்கும் கடைசி வளையத்துக்கும் ஆளுக்கொரு ஊக்கு மாட்டுங்கள். வரிசை முடிந்ததும் ஊக்கை மேலே உள்ள கண்ணிக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒன்பது என்று வாய்விட்டு எண்ணுங்கள். ஆறானதைப் பிரித்துவிடுங்கள் மேடம். நூலை இழுத்தால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும், வருத்தப்பட ஒன்றுமில்லை. பிரிப்பதும் இந்த வேலையில் ஒரு பாதிதான்.

எட்டு இழையில் ஒன்று கண்ணிக்கு வெளியே நின்றுவிடுவதும் நடக்கும். வளையத்தை இழுத்ததும் விரலால் ஒரு முறை தடவிப் பாருங்கள்.

குரோம்பேட்டை_குரோஷா
நவம்பர் 13, இரவு 9.15

இறுக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன் அக்கா. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போர்வை செய்து கின்னஸ் சாதனை வந்ததே, நினைவிருக்கிறதா? ஏகப்பட்ட பெண்கள் தனித்தனியாகச் சதுரம் பின்னிக் கொடுத்து, அதை இணைத்துச் செய்தது. அந்தச் செய்தி படித்த நாளில் என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: இத்தனை கைகளில் ஒரே அளவு எப்படி வந்தது? எங்கள் தெருவில் நாங்கள் நான்கு பேர் ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே எண்ணிக்கை வைத்துச் சதுரம் போட்டுப் பார்த்தோம். நான்கும் நான்கு அளவு! எண்ணிக்கையை நம்பினால் கை ஏமாற்றும். அளவுகோலை வைத்துத்தான் போட வேண்டும். ஒரே ஆளின் கைகூட களைப்பில் இறுகும், டிவி பார்த்துக்கொண்டு செய்தால் தளரும்.

ஊசி இருந்தால் கொஞ்சமாவது அளவைக் காப்பாற்றும். நமக்கு ஊசியும் இல்லை. அதனால் ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தை இழுத்ததும் இடது கையின் மூன்று விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். உராயாமல் நுழைந்தால் பெரிது, நுழையவே சிரமப்பட்டால் சின்னது. முதல் பத்து வரிசைக்கு எல்லா வளையத்துக்கும் இதைச் செய்யுங்கள். அப்புறம் விரலுக்கே தெரிந்துவிடும். ஒரு வரிசையைப் பாதியில் விட்டு எழுந்திருக்காதீர்கள், முடித்துவிட்டு எழுங்கள்.

ஆறு வரிசை முடிந்ததும் ஸ்கேல் வைத்து அகலத்தை எழுதிக்கொண்டு, அடுத்த நாள் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

வேளச்சேரி_நூல்கண்டு
நவம்பர் 13, இரவு 9.50

மேஜை முறையை நானும் நேற்று செய்து பார்த்தேன். அடர்த்தி நிஜமாகவே வேறு. ஊரிலேயே போட்டுக்கொள்ள, இரண்டு சுற்றுச் சுற்றும் லேசான வலை மப்ளர் வேண்டுமானால் கைமேல் பின்னல்தான் இப்போதும் என் விருப்பம். குளிர் ஊருக்கு மேஜை என்று ஒத்துக்கொள்கிறேன்.

மந்தைவெளி_கோலம்
நவம்பர் 24, இரவு 8.05

முடிந்துவிட்டது! இரண்டு முறை பிரித்தேன், மூன்றாவது முறை நின்றது. ஒன்பது கண்ணி, 70 வரிசை. அகலம் 19 சென்டிமீட்டர், நீளம் ஐந்தேமுக்கால் அடி, சமையலறைத் தராசில் 260 கிராம். ஓரம் லேசாக உள்ளே சுருள்கிறது, கழுத்தில் சுற்றினால் அது தெரியவில்லை. லாட் நம்பர் சொன்னதற்காகவே குரோம்பேட்டைக்குத் தனியாக நன்றி. கடைக்காரர் முதலில் வேறு லாட்டைத்தான் எடுத்துக் கொடுத்தார், லேபிளைப் பார்த்து மாற்றி வாங்கினேன்.

மகள் ஏசியை 18-ல் வைத்து, அதைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கழற்றச் சொன்னேன், கழற்றவில்லை.

அதே நூல் 140 கிராம் மிச்சம் இருக்கிறது. காதுக்கு ஒரு பட்டை மாதிரி ஏதாவது வருமா?

ஒயர்_கூடை
நவம்பர் 24, இரவு 8.30

ரொம்ப சந்தோஷம் மேடம். காதுப் பட்டை தாராளமாக வரும், அதற்கு மேஜைகூட வேண்டாம். மூன்று இழை மட்டும் சேர்த்து, இடது கையின் நான்கு விரலில் முன்னும் பின்னுமாகச் சுற்றி வாருங்கள், திரும்பியும் அப்படியே. இன்னொரு முறையும் இதே மாதிரி போய் வந்தால் ஒவ்வொரு விரலிலும் இரண்டு இழை இருக்கும், கீழே உள்ளதை மேலே உள்ளதற்கு மேலாகத் தூக்கி விரலுக்குப் பின்னால் விடுங்கள். திரும்பவும் சுற்று, திரும்பவும் தூக்கு. கையின் பின்பக்கம் பட்டையாக இறங்கும். மகளின் தலையைச் சுற்றி அளந்து, அதற்கு இரண்டு அங்குலம் குறைவாக நிறுத்துங்கள், போட்டால் நீளும். இரண்டு பட்டை செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் காது முழுக்க மூடும்.

இதில் கட்டைவிரல் கொஞ்சம் வேலை செய்ய வேண்டி வரும். வலித்தால் மகளிடம் கொடுத்துவிடுங்கள், பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்வாள்.